நல்லர்போர் வெளியில் ஏ.பி.ஆர்.எஸ்.: வீட்டாருக்கு நம் புள்ளி தெரியுமா?

செந்தில்_அடிலெய்டு

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் அடிலெய்டிலிருந்து பெர்த் வரை காரில் போகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், அப்பா. செடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை ஏறத்தாழ 1200 கி.மீ. நல்லர்போர் வெளி. அந்தப் பகுதியில் போன் சிக்னல் ரோட்ஹவுஸ்களை (சாலையோரப் பெட்ரோல் நிலையமும் விடுதியும் சேர்ந்தவை) ஒட்டித்தான் கிடைக்கும் என்கிறார்கள்.

என் கவலை அம்மாவைப் பற்றியது. அவர் திருச்சியில் இருக்கிறார். போன வருடம் ஃப்ளிண்டர்ஸ் மலைப்பக்கம் போனபோது ஒன்றரை நாள் போன் கிடைக்கவில்லை. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மகள் கங்காரு பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தாள். அங்கே அம்மா இரவெல்லாம் கண் மூடவில்லை. சித்தப்பாவை எழுப்பி, பக்கத்து வீட்டாரை எழுப்பி, கடைசியில் என் அலுவலக எண்ணை யாரிடமோ வாங்கிக் கூப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்து அவர் குரலைக் கேட்டதும்தான் நான் செய்த தவறு புரிந்தது.

மார்ச்சில் ஃபவுண்டேஷன் ஹாம் (அமெச்சூர் வானொலி) தேர்வு எழுதி கால்சைன், அதாவது எனக்கான அழைப்புக் குறி, வாங்கிவிட்டேன். 5 வாட் கையடக்க ரேடியோ ஒன்று இருக்கிறது. நம் இடத்தை ரேடியோ வழியாக அறிவித்து வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் முறைதான் ஏ.பி.ஆர்.எஸ். அதற்குப் போனில் ஏபிஆர்எஸ்டிராய்டு என்ற செயலியைப் போட்டு, கேபிள் வழியாக ரேடியோவோடு இணைக்கலாம் என்று படித்தேன். இதை வைத்துக்கொண்டு நாங்கள் போகும் வழி முழுக்க அம்மா வரைபடத்தில் எங்களைப் பார்க்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வானொலி_வாத்தியார்

தம்பி செந்தில், முதலில் கால்சைனுக்கு வாழ்த்து. நான் பெர்த்தில் இருக்கிறேன். ஊர் மட்டக்களப்பு. அந்தப் பாதையில் ஐந்து தடவை ஓடியிருக்கிறேன், நான்கு தடவை ஏ.பி.ஆர்.எஸ். கருவியோடு.

வழி முழுக்கத் தெரியாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவிடம் வேறு மாதிரிச் சொல்லி வைக்காதீர்கள்.

காரணம் விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். உங்கள் ரேடியோ ஜி.பி.எஸ். தரும் இடத்தை எடுத்து, 1200 பாட் வேகத்தில் ஒரு விநாடிக்கும் குறைவான சத்தமாக மாற்றி அனுப்புகிறது. ஆஸ்திரேலியாவில் அதற்கு 145.175 மெகாஹெர்ட்ஸ். வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800. இணையத்தில் பார்த்த அமைப்பை அப்படியே போட்டுவிட்டு, எவருக்கும் கேட்கவில்லையே என்று நிற்பவர்கள் உண்டு, கவனம். அந்தச் சத்தத்தை ஒரு டிஜிபீட்டர் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஓர் ஐகேட் அதைக் கேட்டு இணையத்தில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏபிஆர்எஸ் டாட் எஃப்ஐ என்ற இணையதளத்தின் வரைபடத்தில் அம்மா பார்ப்பார். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் அரசாங்கத்தினுடையதோ கம்பெனியினுடையதோ அல்ல. யாரோ ஒரு ஹாம் தன் காசில் கூரையில் ஆன்டெனா ஏற்றி, மின்சாரக் கட்டணமும் கட்டி நமக்காக வைத்திருப்பது. ஆள் இருக்கும் இடத்தில்தான் ஹாமும் இருப்பார். நல்லர்போரில் ஆளே இல்லை.

இன்னொன்று, தொடுவானம். நம் ரேடியோ அனுப்பும் வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கி.மீ. கணக்கில் எல்லை வரும். காரின் கூரையில் இரண்டு மீட்டர் உயரம் என்றால் ஆறு கி.மீ. கூட இல்லை. டிஜிபீட்டர் நிற்கும் குன்று 100 மீட்டர் உயரம் என்றால் அதன் பங்கு 41. இரண்டையும் கூட்டினால் 47 கி.மீ. நல்லர்போரில் ஏறி நிற்கக் குன்றும் கிடையாது. மரமே இல்லாத வெளி என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

ஆகவே ஊர்களை ஒட்டிப் புள்ளிகள் நிறைய விழும், நடுவில் நூற்றுக்கணக்கான கி.மீ. வெறுமையாக இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு போனால் மிகவும் பயனுள்ள சாதனம். தெரியாமல் போனால் அம்மாவின் இரவு போன வருடத்தைவிட மோசமாகும். புள்ளி வந்துகொண்டிருந்து திடீரென நின்றால் மனம் எங்கெல்லாம் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குமரன்_தி

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மனதில் பட்டதைக் கேட்கிறேன். ஐபோன் 14-லிருந்து சாட்டிலைட் வழி அவசர உதவி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2023 மே முதல் வேலை செய்கிறது. சந்தா கட்டினால் சாட்டிலைட் டிராக்கரும் கிடைக்கும். குடும்பத்தோடு போகிறவர் எதற்காக நாற்பது வருடப் பழைய முறையை நம்ப வேண்டும்? குழந்தையும் வயதானவரும் கூட வருகிறார்கள்.

மீரா_கால்கூர்லி

குமரன் கேட்டது சரியான கேள்வி. நான் செவிலியர், வேலைக்காக மாதம் இரண்டு முறையாவது தனியாக நீண்ட தூரம் ஓட்டுகிறேன். எனக்கும் கால்சைன் உண்டு. என் பதில் இதுதான்: உயிருக்கு ஆபத்து என்றால் ஏ.பி.ஆர்.எஸ்.ஸை நம்பக் கூடாது. ஆனால் அதற்காக அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் மாட்டேன்.

செந்தில், பயணத்துக்கு முன் ஒரு பி.எல்.பி. வாங்குங்கள். 406 மெகாஹெர்ட்ஸில் நேரே செயற்கைக்கோளுக்குப் பேசும் அவசர பீக்கன் அது. சந்தா கிடையாது. ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்வது இலவசம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஜி.பி.எஸ். உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது இருந்தால் தேடும் வட்டம் நூறு மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும், இல்லாவிட்டால் ஐந்து கி.மீ. வரை விரியும். அமுக்கினால் குறைந்தது 24 மணி நேரம் சிக்னல் அனுப்பும். பதிவில் பயண விவரத்தையும், இங்கேயே உள்ள ஒருவரின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். அம்மாவின் எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். நள்ளிரவில் தெரியாத ஆங்கிலக் குரல் கூப்பிட்டால் அவர் என்ன செய்வார்?

அதற்கு அடுத்து 477 மெகாஹெர்ட்ஸ் சி.பி. ரேடியோ. உரிமம் தேவையில்லை. 40-ஆம் சேனலில் லாரிக்காரர்கள் இருப்பார்கள். டயர் வெடித்தாலோ முன்னால் அகலச் சுமை வண்டி வந்தாலோ முதலில் சொல்லப்போவது அவர்கள்தான். இரண்டு முறை என்னை மாடுகளிடமிருந்து காப்பாற்றியது அந்தச் சேனல்.

இவை இரண்டும் இருந்தால், ஏ.பி.ஆர்.எஸ். செய்வதை வேறு எதுவும் அதே மாதிரி செய்வதில்லை. நாம் ஒன்றும் செய்யாமலே போகும் வழியில் தடம் விட்டுக்கொண்டே போகும். பி.எல்.பி. அமுக்கினால்தான் பேசும். ஐபோனைக் கையில் எடுத்து வானத்தைப் பார்த்துக் காட்ட வேண்டும். சாட்டிலைட் டிராக்கர் தடம் விடும், உண்மைதான், மாதாமாதம் பணம் கட்டினால். கட்ட முடிந்தவர்கள் கட்டட்டும், அதில் தவறே இல்லை.

ஒரு சின்ன விஷயம், சம்பந்தம் இருப்பதால் சொல்கிறேன். சாட்டிலைட் டிராக்கர் வாங்குபவர்கள் விடுமுறைக்கு இந்தியா போகும்போது பையில் மறந்து வைத்துவிடாதீர்கள். அங்கே அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுபோன வெளிநாட்டுப் பயணிகளை விமான நிலையத்தில் பிடித்த செய்திகள் வந்திருக்கின்றன.

வானொலி_வாத்தியார்

மீரா சொன்ன வரிசையை நானும் ஏற்கிறேன். தங்கச்சி, அந்த 40-ஆம் சேனல் விஷயத்தை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

குமரன் தம்பி, நாற்பது வருடப் பழையது என்றீர்கள். பழையதுதான், அதனால்தான் சொல்கிறேன். இதை உருவாக்கிய பாப் புருனிங்கா அமெரிக்கக் கடற்படை அகாதமியில் இருந்தவர். 1984-இல் நூறு மைல் குதிரை ஓட்டம் ஒன்றில் குதிரைகள் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிவிக்க விக்-20 கணினியில் ஒரு நிரல் எழுதினார். காட்டுப் பாதையில் போகிறவர் எங்கே இருக்கிறார் என்று பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டும், அதுதான் விதை. செந்திலின் தேவையும் அதேதான். 2022-இல் அவர் காலமானார். இதை வெறும் வண்டித் தடம் காட்டும் கருவியாக மட்டும் பார்ப்பதை அவர் விரும்பியதில்லை. சுற்றியிருப்பவர்களோடு அப்போதைக்கு அப்போது இருபக்கமும் செய்தி பரிமாறத்தான் அவர் வடிவமைத்தார். 67 எழுத்துக்குள் செய்தி அனுப்பலாம், போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகையும் வரும். ஆனால் இடம் சொல்லும் பீக்கனுக்கு ஒப்புகை கிடையாது. அனுப்பினோம், அவ்வளவுதான். யாரும் கேட்டார்களா என்று நமக்குத் தெரியாது.

பாலைவழி

செந்தில், வெறும் பகுதிக்கு வழி இருக்கிறது. தலைக்கு மேலே பாருங்கள்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் ரேடியோ உண்டு. பெரும்பாலான நாட்களில் 145.825 மெகாஹெர்ட்ஸில் அது டிஜிபீட்டராக வேலை செய்கிறது. உயரம் சுமார் 400 கி.மீ. அவ்வளவு உயரத்திலிருந்து அதற்குத் தெரியும் நிலம் எல்லாப் பக்கமும் 2000 கி.மீ.க்கு மேல். நீங்கள் வெளியின் நடுவே உள்ள கைகுனா ரோட்ஹவுஸில் நின்று அனுப்பினால், அதே நொடியில் அடிலெய்டில், பெர்த்தில், ஏன் மெல்பர்னில் உள்ள ஐகேட்டும் அதன் வழியாகக் கேட்க முடியும். வாத்தியார் சொன்ன 47 கி.மீ. சுவர் அங்கே இல்லை.

நான் செய்வது இப்படி. புறப்படுவதற்கு முன்பே அந்தந்த நாளில் நிலையம் எப்போது கடக்கும் என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்வேன், வழியில் இணையம் இருக்காது. ஒரு கடப்பு பத்து நிமிடம். அந்த நேரத்தில் தேநீர் குடிக்க நிறுத்துகிற மாதிரி ஓட்டத்தை அமைத்துக்கொள்வேன். அலைவரிசையை மாற்றி, செயலியில் பாதை என்ற இடத்தில், தரையிலுள்ள டிஜிபீட்டர்களுக்கான வைட்1-1, வைட்2-1 என்பதை எடுத்துவிட்டு ஏ.ஆர்.ஐ.எஸ்.எஸ். என்று போட வேண்டும். திரும்பி சாலைக்கு வந்ததும் பழையபடி மாற்ற மறக்கக் கூடாது. நான் ஒருமுறை மறந்து மூன்று மணி நேரம் ஓட்டினேன், அன்றைய தடம் முழுக்கப் போயிற்று.

5 வாட் போதும், ஆனால் ஆன்டெனா கார் கூரையில் வெளியே இருக்க வேண்டும். கால் அலை நீளம் என்றால் 49 செ.மீ. கம்பி. காருக்குள் கையடக்க ரேடியோவை வைத்து அனுப்பினால் இரும்புக் கூண்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரிதான். நிலையம் நேர் உச்சியில் வரும்போது கம்பி ஆன்டெனாவுக்கு அது சரியாகத் தெரியாது, பாதி உயரத்தில் இருக்கும்போதே அனுப்புங்கள். நகரத்துக்கு மேலே கூட்டம் அதிகம், ஒருவர் பாக்கெட் (ஒரு தடவை அனுப்பும் சத்தத் துணுக்கு) மேல் இன்னொருவர் பாக்கெட் மோதும். நல்லர்போரில் அந்த நெரிசல் குறைவு, தொடுவானமும் திறந்த வெளி. நகரத்தில் முப்பது முறை அனுப்பி ஒன்று பிடித்த எனக்கு, யூக்லாவில் இரண்டாவது முயற்சியிலேயே கிடைத்தது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். விண்வெளி வீரர்கள் வெளியே நடக்கும்போதும், விண்கலம் வந்து இணையும்போதும் அந்த ரேடியோவை அணைத்துவிடுவார்கள். கிடைத்தால் நல்லது என்ற கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தில்_அடிலெய்டு

எல்லோருக்கும் மிக்க நன்றி. பி.எல்.பி. வாங்கிப் பதிவும் செய்துவிட்டேன். மனைவிக்கும் அப்பாவுக்கும் எப்படிக் கையாள்வது என்று காட்டினேன்.

ஆனால் ரேடியோவில் சிக்கல். வீட்டிலிருந்து பத்து கி.மீ.க்குள் டிஜிபீட்டர் இருந்தும் ஒரு பாக்கெட் கூட வரைபடத்தில் வரவில்லை. இன்னொரு ரேடியோவில் கேட்டால் என்னுடைய சத்தம் நன்றாகக் கேட்கிறது. கேபிள், போனிலிருந்து சத்தம் வந்தால் ரேடியோ தானாக அனுப்பத் தொடங்கும் வகை. பழுதான ரேடியோவை விற்றுவிட்டார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பாலைவழி

ரேடியோ நன்றாகத்தான் இருக்கும். இரண்டு இடத்தைப் பாருங்கள். சத்தம் கேட்டுத் தானாகத் திறக்கும் முறையில் ரேடியோ விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் பாக்கெட்டின் தலை வெட்டுப்பட்டுவிடும். செயலியில் முன்னோட்டச் சத்தத்தின் நேரத்தை 500 மில்லி விநாடிக்கு மேல் கூட்டுங்கள். அடுத்து, போனின் ஒலியளவு. எல்லோரும் முழுக்க வைத்துவிடுகிறார்கள். பாக்கெட் நம் காதுக்கு உரக்கக் கேட்டால் எதிர்முனையில் சிதைந்திருக்கும். பாதிக்கும் கீழே இறக்கி, ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள். குரலுக்குப் பழகிய காது இதில் நம்மை ஏமாற்றும்.

செந்தில்_அடிலெய்டு

ஒலியளவை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கியதும் முதல் புள்ளி விழுந்தது! மகள் வரைபடத்தில் எங்கள் தெருவைப் பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில் அப்பா ஓடி வந்தார்.

மீரா_கால்கூர்லி

மகிழ்ச்சி. அந்தத் தெருவைப் பற்றியே ஒரு வார்த்தை. அம்மா பார்க்கும் வரைபடத்தை உலகமே பார்க்கலாம். ஹாம் அலைவரிசையில் செய்தியை மறைத்து அனுப்ப அனுமதி இல்லை. வீட்டிலிருந்து தொடங்கி ஆயிரம் கி.மீ. தள்ளிப்போன தடம் இருந்தால், வீடு பூட்டிக்கிடக்கிறது என்று நாமே எழுதி ஒட்டிய மாதிரி. நான் ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் பீக்கனைப் போடுவேன், திரும்பும்போது எல்லைக்கு முன்பே அணைப்பேன். தங்குமிடம் நெருங்கும்போதும் அப்படியே. தனியாகப் போகும் பெண்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கடைசி இலக்கங்களை மறைத்து, இடத்தைத் தோராயமாக மட்டும் காட்டும் வசதியும் ஏ.பி.ஆர்.எஸ்.ஸில் இருக்கிறது.

குமரன்_தி

ஒரு சந்தேகம். சில ரேடியோக்களில் பீக்கனோடு போகும் நிலைகளில் 'எமர்ஜென்சி' என்று ஒன்று இருக்கிறதே. ஆபத்தில் அதைப் போட்டால் யாராவது வருவார்களா?

வானொலி_வாத்தியார்

மைக்-ஈ என்ற வடிவத்தில் இருப்பது அது. பாதையில், பணியில், திரும்புகிறேன் என்று பல நிலைகள், கடைசியில் எமர்ஜென்சி. பக்கத்தில் கென்வுட் ரேடியோ வைத்திருப்பவருக்குக் கீச்சென்று ஒலி எழுப்பும். பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டால்? வரைபடத்தை 24 மணி நேரமும் விழித்துப் பார்க்கும் கட்டுப்பாட்டு அறை எதுவும் கிடையாது. அதை அமுக்கிவிட்டு உதவி வருகிறது என்று வெயிலில் காத்திருக்கக் கூடாது. 2019 டிசம்பரில் நல்லர்போரில் 49.9 பாகை பதிவாகியிருக்கிறது. ஆபத்தென்றால் பி.எல்.பி. மட்டுமே.

செந்தில், அம்மாவோடு ஒப்பந்தம் போட்டாயிற்றா? என்னைக் கேட்டால் அதுதான் பயணத்தின் முக்கியமான வேலை. என் மனைவியோடு நான் போடுவது இதுதான்: புள்ளி வந்தால் நலம். புள்ளி வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை, வலை இல்லாத இடம். இரவு எட்டு மணிக்குள் ரோட்ஹவுஸிலிருந்து போன் வரும். வராவிட்டால் அந்த ரோட்ஹவுஸுக்கு அவள் போன் செய்வாள். மறுநாள் காலை பத்து மணி வரை ஒரு தகவலும் இல்லை என்றால்தான் போலீஸ். அப்போது கடைசிப் புள்ளி உதவும். கொக்கில்பிடியில் மாலை நாலு மணிக்கு ஒரு புள்ளி, கைகுனாவுக்கு வந்து சேரவில்லை என்றால் தேட வேண்டியது 65 கி.மீ. சாலை மட்டும். புள்ளி இல்லாவிட்டால் 1200.

செந்தில்_அடிலெய்டு

நேற்று அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசினேன் ஐயா. நீங்கள் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டார், ஒவ்வொரு ரோட்ஹவுஸின் எண்ணோடும். யூக்லா பக்கம் கடிகாரம் பெர்த்தைவிட 45 நிமிடம் முன்னால் என்பதையும் கணக்கில் எடுத்து, எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றி அட்டவணை போட்டிருக்கிறார். முப்பது வருடம் அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்தவர்.

செந்தில்_அடிலெய்டு

பெர்த் வந்து சேர்ந்துவிட்டோம். கடமை என்று நினைத்து எழுதுகிறேன், அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

செடூனா வரை புள்ளிகள் விட்டுவிட்டு விழுந்தன. அதற்கு மேற்கே எங்கள் 145.175-இல் நான் கேட்டது வெறும் இரைச்சல். நேர்ச்சாலையில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி வைத்திருந்தேன், 110 வேகத்தில் அது மூன்றரை கி.மீ.க்கு ஒரு புள்ளி. யாரும் கேட்காத இடத்திலும் நிறுத்தவில்லை. மதுரா கணவாயில் மேட்டின் விளிம்பில் நின்றபோது ஒரு புள்ளி போயிருக்கிறது, எப்படி என்று இன்னும் புரியவில்லை. போனை டாஷ்போர்டில் வைத்திருந்தேன், மதியம் சூடேறி அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏ.சி. காற்று படும் இடத்துக்கு மாற்றினோம்.

கைகுனாவில் இரவு தங்கினோம். விண்வெளி நிலையம் ஏழு மணிக்கு மேல் கடப்பதாகத் தாளில் இருந்தது. நால்வரும் வெளியே வந்து நின்றோம். அந்த இருட்டை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. வடமேற்கிலிருந்து வெளிச்சமாக எழுந்து வந்தது, மகள்தான் முதலில் கண்டாள். நான்காவது முறை அனுப்பியபோது ரேடியோவில் எங்கள் பாக்கெட் திரும்பி வந்தது. கால்சைன் திரையில் விழுந்ததும் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ரோட்ஹவுஸ் போனில் அம்மாவைக் கூப்பிட்டேன். நான் எதுவும் சொல்வதற்கு முன் அவரே ஆரம்பித்தார்: "கைகுனாதானே? பார்த்துவிட்டேன். அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாயா?"

மறுநாள் 146.6 கி.மீ. ஒரு வளைவு கூட இல்லாத சாலையில் பால்லடோனியா வரை ஒரு புள்ளியும் விழவில்லை. அம்மா அன்று மதியம் தூங்கியிருக்கிறார்.

வானொலி_வாத்தியார்

பெர்த்தில் எத்தனை நாள் இருப்பீர்கள்? சனிக்கிழமை குடும்பத்தோடு வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். பிள்ளைக்கு என் ஆன்டெனாக் கோபுரத்தைக் காட்டுகிறேன், அப்பாவையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். திரும்பும் பயணத்துக்கான கடப்பு நேரங்களையும் உட்கார்ந்து எழுதிவிடலாம்.